ஓடையிலிருந்து ஓடைக்கு: நிரல் நூலகத்தில் ஒரு சிறு செயல்முறை அமைந்த விதம்

கம்ப்யூட்டரின் வேலைகளுள் ஒரு கணிசமான பகுதி கணக்கிடுதல் அன்று. ஓரிடத்திலுள்ள தகவலை மற்றோர் இடத்திற்குக் கொண்டு சேர்ப்பதே ஆகும். மழைமானியின் பதிவுக் கருவியில் சேர்ந்த அளவுகள் தலைமை அலுவலகத்திற்குச் செல்வதும், ஆசிரியர் ஒருவர் பாடநூலை வலைத்தளத்திலிருந்து இறக்கிக்கொள்வதும், களப்பணியாளர் எடுத்த பயிர்நோய்ப் புகைப்படம் ஆராய்ச்சி நிலையத்தை அடைவதும் அடிப்படையில் ஒரே செயலின் பல வடிவங்களே. இச்செயலை நிரல் எழுதுவோர் தத்தம் போக்கில் எழுதிக்கொள்ளும்போது நேரும் பிழைகள் பெரும்பாலும் ஓசையின்றி நேர்வன. கோப்பு வந்து சேர்ந்துவிடும். அதன் கடைசிப் பகுதி மட்டும் இராது. அல்லது, இருக்கக்கூடாத ஒரு பகுதி அதில் ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே இதனை ஒரு நிரல்மொழியின் பொது நூலகத்திலேயே ஒரு செயல்முறையாக அமைத்துவிடுதல் நன்று என்பது எளிதில் விளங்கும். அவ்வாறு அமைக்கும்போது எழும் கேள்விகள் அத்துணை எளியன அல்ல. ஜாவா என்னும் நிரல்மொழியை உதாரணமாகக் கொண்டு அவற்றை இங்கே ஆராய்வோம்.

தகவலின் மிகச் சிறிய பொட்டலம் பைட்டு எனப்படும். அது 0 முதல் 255 வரையிலுள்ள ஓர் எண். பைட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்கும் வழியை ஸ்ட்ரீம், அதாவது ஓடை, என்பர். பெயர் பொருத்தமானதே. வாய்க்காலின் கரையில் நிற்பவனுக்கு இன்னும் எவ்வளவு நீர் வரும் என்பது தெரியாது. கடந்து சென்ற நீரைத் திரும்ப அழைக்கவும் இயலாது. ஓடையும் அத்தகையதே. கோப்பிலிருந்து வரினும், தொலைவிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்து வரினும், படிக்கும் நிரலுக்கு அது ஓடையாகவே தோன்றும். ஜாவாவில் படிக்கும் ஓடைக்கு இன்புட்ஸ்ட்ரீம் என்றும், எழுதும் ஓடைக்கு அவுட்புட்ஸ்ட்ரீம் என்றும் பெயர்.

ஓர் ஓடையிலுள்ளதை மற்றோர் ஓடைக்கு மாற்றுவது எப்படி? ஒவ்வொரு பைட்டாக எடுத்துக் கொடுக்கலாம். நெற்குவியலை ஒவ்வொரு மணியாக எடுத்துச் சாக்கில் இடுவதற்கு அது ஒப்பாகும். முழுவதையும் ஒரே தடவையில் நினைவகத்தில் வாங்கிப் பின்னர் எழுதலாம். குவியல் பெரிதானால் நினைவகம் கொள்ளாது. எனவே நடைமுறையில் மரக்கால் போன்ற ஓர் அளவுபாத்திரத்தை வைத்துக்கொள்கிறோம். இதற்கு இடையகம் என்று பெயர். பஃபர் என்று வழங்குவதும் இதனையே. 8,192 பைட்டு கொள்ளும் இடையகத்தைக்கொண்டு 10,00,000 பைட்டுள்ள கோப்பை மாற்ற 123 நடை போதும். பைட்டு பைட்டாகக் கேட்டால் பத்து இலட்சம் நடை. ஒவ்வொரு நடையும் இயக்க முறைமையிடம் விடுக்கும் ஒரு விண்ணப்பமாக இருப்பின், இவ்வேற்றுமை கண்கூடாகத் தெரியும்.

இடையகத்தில் நிரப்பு, எவ்வளவு வந்தது என்று பார், வந்ததை எழுது, முடிவு வரும்வரை திரும்பச் செய். இவ்வளவுதான் வேலை. நான்கைந்து வரிகளில் அடங்கும். இந்த நான்கைந்து வரிகளில் எத்தனை இடத்தில் வழுக்கலாம் என்பதைச் சற்று விரிவாகவே காண்போம்.

வழுக்கும் இடங்கள்

முதலாவது, கடைசி நடை. மேற்கூறிய கோப்பில் 122 நடைகள் முழு அளவு வரும். 123-ஆம் நடையில் 576 பைட்டு மட்டுமே மிஞ்சியிருக்கும். மரக்காலாயின் குறை கண்ணுக்குத் தெரிந்துவிடும். இடையகமோ பள்ளிச் சிறுவனின் பலகை போன்றது. முன் எழுதியதை அழிக்காமல் அதன்மேலேயே எழுதுகிறோம். புதிதாக வந்த 576 பைட்டுக்குக் கீழே, முந்திய நடையின் 7,616 பைட்டு அப்படியே நிற்கும். "வந்த அளவை மட்டும் எழுது" என்பதற்குப் பதிலாக "இடையகத்தை எழுது" என்று நிரலர் கட்டளையிட்டுவிட்டால் அந்தப் பழைய எழுத்தும் சேர்ந்து போகும். பெறப்பட்ட கோப்பு 10,07,616 பைட்டாக இருக்கும். மழை அளவுப் பட்டியலில் இது நேருமாயின், சில நாட்களின் அளவுகள் இருமுறை வந்திருக்கும். கூட்டுத்தொகை மிகும், யாதொரு பிழைச் செய்தியும் தோன்றாது.

இரண்டாவது, இடையில் வரும் குறை. 8,192 கேட்டால் 8,192 வரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முடிவுக்கு முன்னரே 1,400 வரலாம். அடுத்து 90 வரலாம். வலையமைப்பு வழியே வரும் ஓடையில் இஃது இயல்பு. குறைவாக வந்ததை முடிவின் அடையாளம் என்று கருதும் நிரல், வன்தட்டிலுள்ள கோப்பில் செவ்வனே வேலை செய்து, வலையமைப்பில் தவறிவிடும். எழுதியவரின் மேசையில் சரியாக ஓடி, கிராமத்திலுள்ள நிலையத்தில் மட்டும் பழுதாகும் நிரல்களிற் சில இவ்வகையின. ஜாவாவில் முடிவின் அடையாளம் ஒன்றே: படிக்கும் செயல்முறை கழித்தல் 1 என்ற விடையைத் தரவேண்டும்.

இதனோடு உறவுடைய மற்றொரு தவறு, அவெய்லபிள் என்னும் செயல்முறையை நம்புவது. தடைபட்டு நிற்காமல் இப்பொழுதே எத்தனை பைட்டுகளைப் படிக்க முடியும் என்பதற்கு அது ஒரு மதிப்பீடு மட்டுமே தருகிறது. மதகின் வாயில் இக்கணம் நிற்கும் நீரை அளந்துவிட்டு, ஏரியின் கொள்ளளவு இதுவே என்று எழுதிவிடுதல் எவ்வாறோ அவ்வாறே இதனைக் கோப்பின் மொத்த அளவாகக் கொள்வதும்.

மூன்றாவது பிழை நுட்பமானது; ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துக்காட்டத் தக்கது. ஜாவாவில் ஒரு பைட்டை மட்டும் படிக்கும் செயல்முறை, அதனை 0 முதல் 255 வரையுள்ள முழு எண்ணாகவே தருகிறது. முடிவில் கழித்தல் 1. நிரலர் அவ்விடையைப் பைட்டு வகை மாறி ஒன்றில் அடைத்துவிட்டு, பின்னர் கழித்தல் 1-ஓடு ஒப்பிட்டால் என்ன ஆகும்? ஜாவாவின் பைட்டு வகை கழித்தல் 128 முதல் 127 வரையே கொள்ளும். 255 என்பது அதில் கழித்தல் 1-ஆக மாறிவிடும். உண்மையான தகவலில் 255 வந்தவுடன், முடிவு வந்துவிட்டது என்று நிரல் நின்றுவிடும். யூடிஎஃப்-8 முறையில் எழுதப்பட்ட எந்த உரையிலும் 255 என்னும் பைட்டு வருவதில்லை. எனவே தமிழ்க் கட்டுரையானாலும் ஆங்கிலக் கடிதமானாலும் பழுதின்றி மாறும். ஜேபெக் புகைப்படத்தின் முதற் பைட்டே 255! பயிரின் படத்தை அனுப்பினால் மறுபுறம் கிடைப்பது வெறும் கோப்பு, அளவு பூஜ்யம்.

தமிழ் உரையையும் ஒன்று கூறவேண்டும். யூடிஎஃப்-8 முறையில் தமிழுக்குரிய குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்டு இடம் பெறுகிறது. 'கி' என்ற எழுத்து, மெய்க்கும் உயிர்க்குறிக்குமாக ஆறு பைட்டு கொள்ளும். இடைவெளியும் நிறுத்தக்குறியும் இன்றித் தமிழே நிரம்பிய உரை ஒன்றை எண்ணிக்கொள்வோம். 8,192 பைட்டு இடையகத்தில் 2,730 குறிகள் முழுமையாக அடங்கி, அடுத்த குறியின் இரண்டு பைட்டு மட்டும் நுழைந்திருக்கும். மூன்றாவது பைட்டு அடுத்த நடையில் வரும். ஒவ்வொரு நடையையும் தனித்தனியே எழுத்தாக மாற்றும் நிரல், இந்தச் சந்தியில் எழுத்தைச் சிதைத்துவிடும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டே ஆதலின் அம்மொழியில் எழுதிச் சோதித்தவருக்கு இக்குறை தென்படாது. பைட்டுகளை மாற்றும் செயல்முறை அவற்றின் பொருளை ஆராயக்கூடாது. வந்தபடியே சேர்ப்பிப்பதுதான் அதன் கடமை. எழுத்துக்களாகவே மாற்றவேண்டிய இடத்துக்கு ரீடர் எனப்படும் வேறுவகை ஓடை உண்டு.

நூலகம் ஏற்றுக்கொண்டது

ஜாவாவின் முதற் பதிப்பை சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் 1996-ஆம் ஆண்டு ஜனவரியில் வெளியிட்டது. ஓடைகள் அப்பொழுதே இருந்தன. ஓடையிலிருந்து ஓடைக்கு மாற்றும் செயல்முறை இல்லை. நிரலர்கள் மேற்கூறிய நான்கைந்து வரிகளைத் தாமே எழுதினர். அப்பாச்சி அமைப்பின் காமன்ஸ் ஐஓ, கூகுளின் குவாவா முதலிய புறநூலகங்கள் இக்குறையை நிரப்பின. 2011-இல் வந்த ஜாவா 7, ஒரு முனையில் கோப்பு இருந்தால் உதவும் காப்பி என்னும் செயல்முறைகளைத் தந்தது. இரு முனைகளும் வெறும் ஓடைகளாக இருப்பின், 2017 செப்டம்பரில் ஜாவா 9 வரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அதில் இன்புட்ஸ்ட்ரீமுக்குச் சேர்க்கப்பட்டதே டிரான்ஸ்ஃபர்டூ என்ற செயல்முறை. 2018-இல் ஜாவா 10, அதே பெயரில் ஒன்றை ரீடருக்கும் அளித்தது.

நான்கைந்து வரிக்கு இருபத்தோராண்டா என்று வாசகர் வியக்கலாம். பொது நூலகத்தில் நுழைந்த ஒன்றைப் பின்னர் எடுப்பது அரிது. அதன் நடத்தையைச் சிறிது மாற்றினாலும் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் நிரல் பழுதாகும். சுழற்சியை எழுதுவது ஒரு நாழிகை வேலை. அது எதை உறுதி கூறும், எதை உறுதி கூறாது என்பதைத் தீர்மானிப்பதிலேதான் உண்மையான உழைப்பு இருக்கிறது.

பெயரையே முதலில் எடுத்துக்கொள்வோம். நகல் எடுத்தல் என்றால் மூலம் அப்படியே இருக்கும் என்று எவரும் கருதுவர். கோப்புக்கு அது பொருந்தும். ஓடையைப் படித்து முடித்தபின் அதில் ஒன்றும் மிஞ்சாது. எனவே மாற்றிக்கொடுத்தல் என்னும் பொருள்படும் டிரான்ஸ்ஃபர் என்ற சொல்லே இங்கு நேர்மையானது என்று தோன்றுகிறது. 2002-இல் வந்த ஜாவா 1.4-இல் கோப்புத் தடங்களுக்கு இதே பெயரில் ஒரு செயல்முறை இருந்தது. அதுவோ கேட்ட அளவைவிடக் குறைவாக மாற்றிவிட்டும் நிற்கலாம்; இஃது ஓடையின் முடிவுவரை செல்லும். ஒரே பெயர், இருவேறு வாக்குறுதி. கற்பிப்போர் இதனைக் குறித்துக்கொள்வது நலம்.

அடுத்து, செயல்முறையை எங்கே வைப்பது? தனியான உதவி நூலகமாக வைக்கலாம். அல்லது இன்புட்ஸ்ட்ரீம் வகுப்பின் உள்ளேயே வைக்கலாம். (ஆசிரியர்கள் அறிந்த வகுப்பு வேறு, இங்கு வகுப்பு என்பது ஒரே இயல்புடைய பொருட்களின் இலக்கணம்.) உள்ளே வைப்பதில் ஒரு நன்மை உண்டு. அதிலிருந்து கிளைக்கும் வழிவகுப்புக்கள் தமக்கு ஏற்ற விரைவான முறையைத் தாமே வகுத்துக்கொள்ளலாம். தகவல் முழுவதும் ஏற்கெனவே நினைவகத்தில் இருக்குமாயின், இடையகம் ஒன்றைப் புதிதாக வாங்கி அதில் ஒருமுறை ஊற்றி எடுப்பது வீண் வேலையல்லவா? தீமையும் உண்டு. உலகெங்கும் பலர் எழுதி வைத்துள்ள வழிவகுப்பு ஒன்றில் இதே பெயரும், வேறு விடைவகையும் கொண்ட செயல்முறை முன்னரே இருப்பின், புதிய பதிப்பில் அந்நிரல் தொகுக்கப்படாது. காப்பி போன்ற மிகச் சாதாரணமான பெயரை இங்கு வைப்பதில் இந்த ஆபத்து அதிகம்.

இடையகத்தின் அளவைப் பற்றி அதிகம் விவாதிக்க வேண்டியதில்லை. ஜாவா 9-இல் அது 8,192 பைட்டு. கோ மொழியின் இத்தகைய செயல்முறை 32,768 கொள்கிறது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட்டில் 81,920; பெரும் பொருட்களுக்கென அங்கு ஒதுக்கப்பட்ட நினைவகப் பகுதி 85,000 பைட்டில் தொடங்குவதால், அதனைத் தொடாத 4,096-இன் மிகப் பெரிய மடங்காக இதனைத் தேர்ந்தனர். ஜாவாவின் செயல்முறை அளவைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை அழைப்பவருக்குத் தரவில்லை. அவ்வுரிமை வேண்டுவோர் மிகச் சிலரே. அவர்கள் தம் சுழற்சியைத் தாமே எழுதிக்கொள்ளலாம்.

விடையாக எதைத் தருவது என்பது இதனினும் முக்கியமானது. டாட்நெட் 2010-இல் தன் நான்காம் பதிப்பில் சேர்த்த காப்பிடூ ஒன்றையும் திருப்பித் தருவதில்லை. பைத்தானின் நூலகத்திலுள்ள செயல்முறையும் அவ்வாறே. ஜாவா, மாற்றப்பட்ட பைட்டுகளின் எண்ணிக்கையைத் தருகிறது. அதுவும் லாங் எனும் நீண்ட எண்வகையில். சாதாரண முழு எண் 2,14,74,83,647-க்கு மேல் செல்லாது. இன்றைய காணொளிக் கோப்பு ஒன்றே அதனை மிஞ்சிவிடலாம். காமன்ஸ் ஐஓ நூலகத்தின் காப்பி செயல்முறை சாதாரண முழு எண்ணையே தருவதாக அமைந்துவிட்டபடியால், அவ்வெல்லையைத் தாண்டினால் கழித்தல் 1 என்று கூறுகிறது. பெரிய ஓடைகளுக்கென வேறொரு பெயரில் மற்றொரு செயல்முறையை அதில் வைக்க வேண்டியதாயிற்று. எண்ணிக்கையைத் தருவதற்குச் செலவு ஒன்றும் இல்லை. அதனால் பெறும் பயனோ பெரிது என்பதைப் பின்னர் காண்போம்.

நூலகம் ஏற்க மறுத்தது

டிரான்ஸ்ஃபர்டூ இரு ஓடைகளில் எதனையும் மூடுவதில்லை. இதனைக் குறை என்று கருதுவோர் உளர். வேலை முடிந்ததும் கதவைச் சாத்திவிட்டுப் போவதுதானே முறை? ஜிப் வடிவில் பல கோப்புக்களை ஒரே பேழையாகக் கட்டும் ஓடையை நினைத்துப் பார்த்தால் காரணம் புலப்படும். முதற் கோப்பை மாற்றிய உடனே ஓடையை மூடிவிட்டால் பேழை அத்துடன் கட்டி முடிந்துவிடும். இரண்டாவது கோப்பை வைக்க இடம் இராது. திறந்தவனே மூடவேண்டும் என்ற விதி இங்கே பொருத்தமானது. அதற்குத் துணையாக, குறித்த பகுதி முடிந்தவுடன் ஓடைகளைத் தானே மூடும் டிரை என்ற அமைப்பு ஜாவா 7 முதல் மொழியிலேயே இருக்கிறது.

மூடாதது மட்டுமன்று, தேங்கியுள்ளதைத் தள்ளி அனுப்புவதும் இல்லை. எழுதும் ஓடைக்கு உள்ளே மற்றோர் இடையகம் இருப்பின், கடைசியாகக் கொடுத்த பைட்டுகள் அதிலேயே தங்கியிருக்கலாம். செயல்முறை 10,00,000 என்று விடை தரும். அக்கணத்தில் தட்டிலுள்ள கோப்போ அதனினும் குறைந்திருக்கும். ஓடையை மூடும்போதுதான் மிகுதி இறங்கும். தட்டில் இடம் இல்லையெனில் அப்பொழுதுதான் பிழையும் வெளிப்படும். ஆகவே எண்ணிக்கை சரியாக வந்துவிட்டது என்று மகிழ்ந்து, மூடும்போது வரும் பிழையைப் புறக்கணிப்பது பெரும் ஆபத்து.

இடைவழியில் பிழை நேர்ந்தால்? படிப்பதில் நேர்ந்ததா, எழுதுவதில் நேர்ந்ததா என்று செயல்முறை பிரித்துக் கூறுவதில்லை. எத்தனை பைட்டு மாறியது என்பதும் தெரியாது. பிழை எழுந்துவிட்டால் விடை என்பதே இல்லை. இரு ஓடைகளும் எந்நிலையில் நிற்கும் என்று உறுதி கூறமுடியாது, அவற்றை உடனே மூடிவிடுக என்றே அதன் விளக்கக் குறிப்பு அறிவுறுத்துகிறது. கோ மொழி இவ்விடத்தில் மேலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. அது மாறிய எண்ணிக்கையையும் பிழையையும் சேர்த்தே தருகிறது. அறுபட்ட மாற்றத்தை விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புவோருக்கு அது பெரிதும் உதவும்.

மறுமுனையில் உள்ளவர் ஒன்றும் அனுப்பாமலும், இணைப்பைத் துண்டிக்காமலும் இருந்துவிட்டால் இச்செயல்முறை எல்லையின்றிக் காத்துக்கொண்டே நிற்கும். கால வரம்பு விதிப்பது இணைப்பைத் திறந்தவரின் பொறுப்பு.

ஒன்றில் மட்டும் இது முன்யோசனையோடு நடந்துகொள்கிறது. சேரவேண்டிய ஓடையைக் குறிக்கவேண்டிய இடத்தில் வெறுமை கொடுக்கப்பட்டால், ஒரு பைட்டையும் படிப்பதற்கு முன்னரே மறுத்துவிடுகிறது. மடை இல்லாத இடத்தை நோக்கி மதகைத் திறந்துவிட்டுப் பின்னர் வருந்துவதைவிட இது மேல்.

களத்தில் நிரல்களை இயக்குவோர் இவற்றிலிருந்து பெறத்தக்க நடைமுறை இதுவே. வரும் தகவலை இறுதிப் பெயரில் எழுதாமல் தற்காலிகப் பெயரில் எழுதவேண்டும். மாற்றம் முடிந்ததும் ஓடையை மூடி, மூடுதல் பிழையின்றி நடந்ததா என்று பார்க்கவேண்டும். அனுப்புபவர் அறிவித்த அளவோடு செயல்முறை தந்த எண்ணிக்கையை ஒப்பிடவேண்டும். இவையனைத்தும் பொருந்தினால் மட்டுமே கோப்புக்கு உரிய பெயரை இடவேண்டும். அளவு பொருந்தியும் உள்ளடக்கம் மாறியிருக்கலாமாதலின், முக்கியமான பதிவுகளுக்குச் சரிபார்ப்புத் தொகையையும் சேர்த்தனுப்பச் செய்வது அவசியம்.

ஆசிரியர்கள் மாணவருக்குக் கொடுக்கத்தக்க பயிற்சி ஒன்று. மாற்றும் சுழற்சியை மாணவர் தாமே எழுதட்டும். அதனை 0, 1, 8,191, 8,192, 8,193 பைட்டு அளவுள்ள ஐந்து கோப்புக்களில் சோதிக்கவும். அவற்றுள் பூஜ்யமல்லாதவற்றில் 255 என்ற பைட்டு இருக்குமாறு பார்த்துக்கொள்ளவும். பின்னர், எவ்வளவு கேட்டாலும் ஒரு நடைக்கு மூன்று பைட்டுக்கு மேல் தராத உலோபி ஓடை ஒன்றை அமைத்து, அதே கோப்புக்களை அதன் வழியே அனுப்பவும். ஜாவாவில் இன்புட்ஸ்ட்ரீமின் வழிவகுப்பாக இதனை இருபது வரிகளுக்குள் எழுதிவிடலாம். கடைசியில் மாணவரின் சுழற்சியை நீக்கி அவ்விடத்தில் டிரான்ஸ்ஃபர்டூவை வைத்து, இரு விடைகளையும் பைட்டு பைட்டாக ஒப்பிடச் சொல்லவேண்டும். வேறுபாடு தோன்றின், அது எந்த அளவுள்ள கோப்பில் முதலில் தோன்றியது என்பதை மாணவர் குறிப்பேட்டில் எழுதட்டும்.